பொம்பெயி: மீண்டும் மீண்டும் கேட்கப்படும் கேள்விகள்

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் புதைத்த பொம்பெயி நகரத்தைப் பற்றிப் பள்ளிகளிலும் ஊர் நூலகங்களிலும் படம் காட்டிப் பேசத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஊர் மாறினாலும், பேச்சு முடிந்ததும் எழும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு வருவது உறுத்தலாக இருந்ததால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்து, எளியவற்றில் தொடங்கிச் சிக்கலானவற்றில் முடியுமாறு இங்கே அடுக்கியிருக்கிறேன்.

பொம்பெயி எங்கே இருக்கிறது? பாம்பே என்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. மும்பையின் பழைய பெயருக்கும் இதற்கும் ஒலியில் உள்ள ஒற்றுமையைத் தவிர வேறு உறவு கிடையாது. பொம்பெயி இத்தாலியின் தென்மேற்குக் கரையில், கம்பானியா பகுதியில், நேப்பிள்ஸ் நகரிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து வடமேற்கே சுமார் 10 கிலோமீட்டரில் வெசூவியஸ் எரிமலை நிற்கிறது.

இதை ரோமானிய நகரம் என்று சொன்னாலும், அதைத் தோற்றுவித்தவர்கள் ரோமர் அல்லர். ஆஸ்கன் மொழி பேசிய மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கு வாழ்ந்தனர். கி.மு. 89இல் ரோமானியத் தளபதி சுல்லா அதை முற்றுகையிட்டார், கி.மு. 80இல் அது ரோமானியக் குடியேற்ற நகரமாக்கப்பட்டது. மதிலுக்கு உட்பட்ட பரப்பு 66 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 163 ஏக்கர். ஒரு பெரிய கிராமத்தின் வயல்வெளி அளவே உள்ள அந்த இடத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கணிக்கிறார்கள்.

பக்கத்தில் இருப்பது எரிமலை என்று தெரிந்தும் ஏன் அங்கே குடியிருந்தார்கள்?

தெரிந்திருக்கவில்லை என்பதே உண்மை. நில நூலாசிரியர் ஸ்டிராபோ, வெடிப்புக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, மலையுச்சிப் பாறைகள் தீயில் வெந்தவை போல இருப்பதைக் கவனித்து, முன்பு எப்போதோ அங்கு நெருப்பு எரிந்து அணைந்திருக்க வேண்டும் என்று எழுதினார். ஆனால் சாதாரண மக்களுக்கு அது திராட்சை விளையும் பச்சை மலை. அடிமைகளின் எழுச்சியை நடத்திய ஸ்பார்ட்டகஸ் கி.மு. 73இல் தம் கூட்டத்தோடு ஒளிந்திருந்த மலை. எரிமலைச் சாம்பல் கலந்த மண் வளமானது. வளம் இருக்கும் இடத்தில் ஊர் அமைவது இயல்பு.

ஓர் எச்சரிக்கை மட்டும் வந்தது. வெடிப்புக்கு ஏறத்தாழ பதினேழு ஆண்டுகளுக்கு முன், கி.பி. 62இல், பெரும் நிலநடுக்கம் ஒன்று நகரத்தை உலுக்கியது. கோவில்களும் வீடுகளும் இடிந்தன. குடிநீர்க் குழாய்கள் உடைந்தன. அதற்கும் மலைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அன்று யாரும் எண்ணியதற்கான சான்று இல்லை. மக்கள் சுவர்களைப் பழுதுபார்த்துக்கொண்டு அங்கேயே தங்கினார்கள்.

அன்று என்னதான் நடந்தது?

நமக்குக் கிடைத்துள்ள நேரடிச் சாட்சியம் ஒருவருடையது மட்டுமே. வளைகுடாவின் மறுமுனையில், ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு அப்பால் மிசேனம் என்ற கடற்படைத் தளம் இருந்தது. அங்கு தாயோடும் தாய்மாமனோடும் தங்கியிருந்த பதினேழு வயது இளைஞர் பிற்காலத்தில் வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு எழுதிய இரண்டு கடிதங்கள்தான் அவை. அவரை இளைய பிளினி என்றும், கடற்படைத் தலைவராக இருந்த மாமனை மூத்த பிளினி என்றும் அழைக்கிறோம். பிற்பகல் ஒரு மணி அளவில் மலைமேல் எழுந்த முகிலை முதலில் கவனித்தவர் தாய். அது பைன் மரம்போல நெடிய தண்டாக உயர்ந்து உச்சியில் கிளை விரித்தது என்று இளையவர் எழுதுகிறார். நம் தென் மாவட்டங்களில் குடைவேல மரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வடிவம் உடனே புரியும்.

அந்தத் தூண் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரம் வரை எழுந்தது. காற்று தென்கிழக்காக வீசியதால் பொம்பெயியின் மீது நுரைக்கற்கள் மழையாகக் கொட்டின. கையில் எடுத்தால் கனமே தெரியாத, துளைகள் நிறைந்த கற்கள் அவை. ஆனால் மணிக்கணக்கில் விழுந்து ஏறத்தாழ இரண்டே முக்கால் மீட்டர் உயரத்துக்குக் குவிந்தபோது கூரைகள் தாங்கவில்லை. மறுநாள் விடியலில் தூண் சரிந்து, கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த அனல் பெருக்குகள் தரையை ஒட்டிப் பாய்ந்தன. அதற்கு முன் அவற்றில் ஒன்று, இரவிலேயே, மலையின் மறுபக்கக் கடற்கரையில் இருந்த ஹெர்குலேனியத்தை அழித்துவிட்டது. மறுநாள் காலையில் வந்தவை பொம்பெயியின் மதிலைத் தாண்டின. ஊரில் அப்போதும் எஞ்சியிருந்தவர்களில் எவரும் பிழைத்திருக்க வாய்ப்பில்லை.

மூத்த பிளினி முதலில் முகிலை அருகில் சென்று ஆராயவே கப்பலைக் கேட்டார். புறப்படும் வேளையில், மலையடிவாரத்தில் சிக்கியிருந்த ரெக்டினா என்ற பெண்ணிடமிருந்து உதவி வேண்டி ஓலை வரவே, ஆராய்ச்சிப் பயணம் மீட்புப் பயணமாக மாறியது. கரையை நெருங்க முடியாமல் ஸ்டாபியே என்ற ஊருக்குச் சென்று, நண்பரின் வீட்டில் இரவைக் கழித்தார். விழும் கற்களுக்கு அஞ்சித் தலையில் தலையணைகளைக் கட்டிக்கொண்டு எல்லாரும் கடற்கரைக்கு வந்தார்கள். அவர் விரிப்பில் படுத்து இரண்டு முறை குளிர்ந்த நீர் கேட்டுக் குடித்தார். எழுந்து நிற்க முயன்று சரிந்தார். உடலைக் கண்டெடுத்தபோது, இறந்தவரைப் போலன்றி உறங்குபவரைப் போல இருந்தார் என்று மருமகன் எழுதியிருக்கிறார்.

எரிமலைக் குழம்பு மூடி மக்கள் அப்படியே கல்லாகிவிட்டார்களாமே?

இது தவறான செய்தி. பொம்பெயியை மூடியது எரிகுழம்பு அன்று, நுரைக்கல்லும் சாம்பலும். உடல்களும் கல்லாகவில்லை. நுண்ணிய சாம்பல் உடலைச் சுற்றி இறுகியது. காலப்போக்கில் தசை மக்கி, எலும்பு மட்டும் எஞ்ச, உடல் இருந்த வடிவில் ஒரு வெற்றிடம் உண்டாயிற்று. 1863இல் அகழாய்வுக்குத் தலைமை தாங்கிய ஜுசெப்பே ஃபியோரெல்லி அந்தக் குழிகளுக்குள் சாந்துக் கரைசலை ஊற்றி, அது இறுகியபின் சுற்றியிருந்த சாம்பலை அகற்றச் செய்தார். நாம் படங்களில் பார்க்கும் உருவங்கள் அவ்வாறு எடுக்கப்பட்ட வார்ப்புகள். ஏறத்தாழ நூறு வார்ப்புகள் உள்ளன. ஆடையின் மடிப்புகளும் செருப்பின் வாரும்கூடச் சிலவற்றில் தெரிகின்றன.

இறந்தவர்களின் எலும்புகள் இன்னும் அவற்றுக்குள்ளேயே இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. வார்ப்பைச் சிலை என்று சொல்பவர்களைக் கேட்கும்போதெல்லாம் நான் திருத்துவது இதனால்தான்.

ஊரில் இருந்த எல்லாருமே இறந்துவிட்டார்களா?

இல்லை. தோண்டப்பட்ட பகுதியில் இதுவரை கிடைத்திருப்பவை ஏறத்தாழ 1,100 பேரின் எச்சங்கள். நகரத்துக்கு வெளியே சாலைகளிலும் வயல்களிலும் இன்னும் பலர் புதைந்திருக்கலாம் என்றாலும், பெரும்பாலானோர் முதல் சில மணி நேரத்திலேயே வெளியேறிவிட்டார்கள் என்று கொள்வதே பொருத்தம். கிடைத்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் நுரைக்கல் அடுக்கில், பெரும்பாலும் சரிந்த கூரைகளின் கீழே இருந்தனர்; மற்றவர்கள் மறுநாள் வந்த அனல் பெருக்கில் இறந்தவர்கள்.

பிழைத்தவர்களின் குடும்பப் பெயர்கள் பிற்காலத்தில் நேப்பிள்ஸ், கூமே, புட்டியோலி முதலிய ஊர்களின் கல்வெட்டுகளில் தென்படுகின்றன. பேரரசர் டைட்டஸ் கம்பானியாவைச் சீரமைக்க மூத்த அதிகாரிகளை அமர்த்தி, வாரிசின்றி இறந்தவர்களின் சொத்துகளை அந்தப் பணிக்கு ஒதுக்கினார்.

ஆகஸ்ட் 24 என்று படித்தோம். இப்போது அக்டோபர் என்கிறார்களே, எது சரி?

ஆண்டு கி.பி. 79 என்பதில் ஐயம் இல்லை. ஆகஸ்ட் 24 என்ற நாள், இளைய பிளினியின் கடிதத்தைக் கைப்படி எடுத்து எழுதிய இடைக்காலச் சுவடிகளிலிருந்து வந்தது. சுவடிகளுக்கிடையே நாளில் வேறுபாடு உண்டு. மறுபக்கம், மாதுளை முதலிய இலையுதிர்காலப் பழங்களும், குளிர்காய வைத்த கணப்புச் சட்டிகளும், சாடிகளில் ஊற்றி மூடிவைத்த புதிய திராட்சை மதுவும் அகழாய்வில் கிடைத்துள்ளன.

2018இல் ஒரு வீட்டுச் சுவரில் கரித்துண்டால் எழுதிய வரி ஒன்று கிடைத்தது. அதில் உள்ள நாள் நம் கணக்கில் அக்டோபர் 17. எளிதில் அழியும் கரிக்கோடு என்பதால் வெடிப்புக்குச் சில நாள் முன்னரே எழுதப்பட்டிருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் அந்த வரியில் ஆண்டு இல்லை. என் மதிப்பீட்டில் அக்டோபர் இறுதி என்பதே வலுவான வாதம். ஆயினும் பாடநூலில் ஆகஸ்ட் என்று எழுதிய மாணவருக்கு மதிப்பெண் குறைப்பது நியாயமாகாது.

ஒழுக்கக்கேட்டுக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று பகிரப்படும் செய்தி உண்மையா?

கைப்பேசியில் சுற்றிவரும் இந்தச் செய்தியைக் காட்டாதவர்கள் குறைவு. இந்த எண்ணம் புதியதும் அன்று. பொம்பெயியின் ஒரு வீட்டுச் சுவரிலேயே சோதோம், கொமோரா என்ற இரு பெயர்கள் கரியால் எழுதப்பட்டிருந்தன. விவிலியத்தில் தீயால் அழிந்த ஊர்களை அறிந்த ஒருவர் எழுதியது அது.

ஆனால் வெசூவியஸ் நல்லவர், தீயவர் என்று பார்த்து வெடித்ததில்லை. ஏறத்தாழ நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன் அது வெண்கலக் காலச் சிற்றூர்களைப் புதைத்தது. 1631இல் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கி.பி. 79இல் இறந்தவர்களில் கைக்குழந்தைகளும் இருந்தனர். பொம்பெயியில் பாலியல் தொழில் நடந்த கட்டடம் ஒன்று உண்டு. கல் படுக்கைகள் கொண்ட அதன் சிற்றறைகளில் இருந்த பெண்கள் பெரும்பாலும் அடிமைகள். ஆணுறுப்பு வடிவங்கள் கடை வாசலிலும் தெருவிலும் செதுக்கப்பட்டிருப்பதைப் பலர் ஆபாசம் என்று எண்ணுகிறார்கள். அவை கண்ணேறு கழிக்கவும் செழிப்பு வேண்டியும் வைக்கப்பட்டவை. புது வீட்டில் நாம் தொங்கவிடும் திருஷ்டிப் பூசணிக்கும் அவற்றுக்கும் நோக்கம் ஒன்றே.

அவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? பீட்சா ஓவியம் கிடைத்தது என்றார்களே?

2023இல் கிடைத்த சுவரோவியத்தில் வெள்ளித் தட்டின்மீது தட்டை ரொட்டியும் அதன்மேல் பழவகைகளும் இருக்கின்றன. அது பீட்சா ஆகாது. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

ஓவியத்தைவிட உண்மையான ரொட்டியே என்னை அதிகம் ஈர்க்கிறது. மொடெஸ்டஸ் என்பவருடையது எனப்படும் அடுமனையின் அடுப்பைத் திறந்தபோது உள்ளே 81 ரொட்டிகள் கரியாகி இருந்தன. வட்டமான ரொட்டி; பிட்டு எடுக்க வசதியாக மேலே எட்டுப் பங்காகக் கோடு கீறப்பட்டது; இடுப்பில் கயிறு கட்டியது போன்ற பள்ளம். ஹெர்குலேனியத்தில் கிடைத்த ஒரு ரொட்டியின் மேல், குயின்டஸ் கிரானியஸ் வேரஸ் என்பவரின் அடிமை கேலருடையது என்று முத்திரையும் பதிந்திருக்கிறது. பொதுவான அடுப்பில் பல வீட்டு மாவும் வேகும்போது தன்னுடையதை அடையாளம் கண்டுகொள்ள அந்த முத்திரை உதவியிருக்கும்.

வீட்டில் சமைக்க வசதியில்லாதவர்களுக்குத் தெருவோர உணவுக்கடைகள் இருந்தன. கல் மேடையில் பெரிய சாடிகளைப் பதித்து வைத்திருப்பார்கள். 2020இல் முழுமையாக வெளிப்பட்ட ஒரு கடையில் வாத்து, பன்றி, ஆடு, மீன், நத்தை ஆகியவற்றின் மிச்சங்கள் கிடைத்தன. ஒரு மதுச் சாடியின் அடியில் பொடித்த அவரை இருந்தது. மேடையின் முகப்பில் கழுத்துப்பட்டையோடு ஒரு நாயை வரைந்திருக்கிறார்கள். மீனை உப்பிட்டு வெயிலில் நொதிக்கவைத்து வடித்த காரம் என்ற குழம்புதான் (நம் நாக்கு அறிந்த காரம் அன்று, அதன் பெயரே அது) எல்லாவற்றுக்கும் சுவை சேர்த்தது. அதை விற்றே செல்வரான அம்பிரிகியஸ் ஸ்காரஸ் தம் வீட்டு முற்றத்துத் தரையில் காரச் சாடிகளையே பதிகல் ஓவியமாக அமைத்திருந்தார்.

சுவரெல்லாம் எழுதி வைத்திருந்தார்களாமே, என்ன எழுதினார்கள்?

தேர்தல் விளம்பரம்தான் முதலிடம். ஏறத்தாழ 2,500க்கும் மேற்பட்ட தேர்தல் வாசகங்கள் கிடைத்துள்ளன. எழுதுவதற்கென்றே தொழிலாளர்கள் இருந்தார்கள். வெள்ளையடித்த சுவரில் சிவப்பு எழுத்தில், இன்னாரை இன்ன பதவிக்குத் தேர்ந்தெடுங்கள் என்று எழுதினார்கள். சுவர் பிடித்து எழுதும் நம் ஊர்த் தேர்தல் பருவத்தை அறிந்தவர்களுக்கு அந்தத் தெரு அந்நியமாகத் தோன்றாது. பழ வணிகர், பொற்கொல்லர், கோவேறுகழுதை ஓட்டுநர் எனத் தொழில்வாரியாக ஆதரவு தெரிவித்தார்கள். பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. ஆயினும் ஒரு மதுக்கடைப் பெண்கள் தம் பெயரிட்டு வேட்பாளரை ஆதரித்திருக்கிறார்கள். வாட்டியா என்ற வேட்பாளருக்குச் சில்லறைத் திருடர்களும், இரவில் நெடுநேரம் குடிப்பவர்களும் ஆதரவு தருவதாக எழுதப்பட்ட வாசகங்கள் எதிரணியின் வேலையாக இருக்கலாம்.

இவை போக, ஆணியாலும் எழுத்தாணியாலும் கீறியவை ஆயிரக்கணக்கில் உண்டு. காதல், வசை, கடன் கணக்கு, மனப்பாடமான செய்யுளடி எல்லாம் அவற்றில் அடக்கம். படுக்கையை நனைத்துவிட்டோம், தவறுதான், அறையில் சிறுநீர்ச் சட்டி இல்லையே என்று விடுதிக்காரரிடம் முறையிடுகிறார் ஒருவர். இத்தனை பேரின் கிறுக்கலைச் சுமந்தும் நீ இடிந்து விழாமல் நிற்பது வியப்பு என்று சுவரையே விளித்துப் பாடுகிறார் இன்னொருவர். அரசரும் படைத்தலைவரும் பேசிய சொற்கள் எத்தனையோ நூல்களில் இருக்கின்றன. பெயர் தெரியாத எளியவர்களின் பேச்சு இவ்வளவு நெருக்கமாக வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

அழகான மாளிகைகளையே காட்டுகிறீர்கள். அடிமைகள் எங்கே இருந்தார்கள்?

நியாயமான கேள்வி. இதைக் கேட்டவர் ஒரு பள்ளி மாணவி. மேலே சொன்ன ரொட்டி முத்திரையிலும் ஓர் அடிமையின் பெயர் இருப்பதைக் கவனியுங்கள். மதிலுக்கு வெளியே சிவிட்டா ஜுலியானா என்ற இடத்தில் உள்ள மாளிகையில் 2021இல் ஓர் அறை வெளிப்பட்டது. பரப்பு 16 சதுர மீட்டர். மூன்று கயிற்றுக் கட்டில்கள். அவற்றில் ஒன்று 1.40 மீட்டர் மட்டுமே நீளம், ஆகவே அதில் படுத்தது சிறுவனோ சிறுமியோ ஆகலாம். உயரத்தில் ஒரு சிறு சாளரம். கட்டிலின் கீழே சில உடைமைகள், மூலையில் சாடிகள், நடுவே ஒரு தேரின் ஏர்க்கால். கிடங்கும் படுக்கையறையும் ஒன்றாக இருந்த அடிமைகளின் அறை அது.

2023இல் நகரத்துக்குள் கண்டறிந்த ஓர் அடுமனையில் வெளியே திறக்கும் வழியே இல்லை. சாளரங்களில் இரும்புக் கம்பி. கண்கட்டிய கழுதைகள் மாவாட்டும் கல்லைச் சுற்றிச் சுற்றி நடக்க, அடி தவறாமல் கால் வைப்பதற்காகத் தரைக் கல்லில் பள்ளங்கள் வெட்டியிருந்தார்கள். மனிதரும் அதே அறையில்தான் அடைபட்டிருந்தனர்.

அந்த ஒரு நொடியில் ஊர் அப்படியே உறைந்து நின்றுவிட்டது என்பது சரியா?

கேட்க அழகாக இருக்கும் இந்தத் தொடர்தான் பொம்பெயியைப் பற்றிய புரிதலை அதிகம் கெடுத்தது என்று நினைக்கிறேன். நாம் முன்பு பார்த்த கி.பி. 62ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின் சேதம் அப்போதும் சீர்செய்யப்பட்டுக்கொண்டிருந்தது. பல கட்டடங்களில் சுண்ணச் சாந்துக் குவியலும் அரைகுறைச் சுவரோவியமும் கிடந்தன. வெளியேறியவர்கள் கையில் எடுக்க முடிந்ததை எடுத்துச் சென்றார்கள். ஆகவே வீட்டில் எஞ்சிய பொருள்களைக் கொண்டு அவர்களின் அன்றாட வாழ்வை அப்படியே கணக்கிட முடியாது.

வெடிப்புக்குப் பின்னும் ஊர் தனித்து விடப்படவில்லை. மேல்மாடிகள் சாம்பலுக்கு வெளியே தெரிந்ததால் சிலர் திரும்பிவந்து குடியிருந்ததற்கான தடயங்கள் அண்மை அகழாய்வுகளில் கிடைத்துள்ளன. புதைபொருள் தேடிச் சுரங்கம் தோண்டியவர்களும் உண்டு. ஒரு வீட்டின் வாசலருகே, இந்த வீடு துளைக்கப்பட்டது என்று இலத்தீன் சொற்களைக் கிரேக்க எழுத்தில் கீறி வைத்திருக்கிறார்கள். இங்கே இனித் தேட வேண்டாம் என்று அடுத்துவருபவருக்குச் சொல்லும் குறிப்பாக இருக்கலாம். பின்னர், 1748இல் அகழாய்வு தொடங்கியபோது, அது எந்த ஊர் என்றே தெரியாது. 1763இல் ஒரு கல்வெட்டு பெயரைச் சொன்னது. ஆரம்பத்தில் நல்ல ஓவியங்களை வெட்டியெடுத்து அரண்மனைக்குக் கொண்டுபோனார்கள். 1943இல் நேச நாட்டு விமானங்கள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை அதன்மீது போட்டன. இன்று நீங்கள் பார்க்கும் கூரைகள் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டினுடையவை.

ஹெர்குலேனியம் எதில் வேறுபடுகிறது?

அங்கு நுரைக்கல் மழை குறைவு. அனல் பெருக்கே ஊரை மூடி, சில இடங்களில் 20 மீட்டர் ஆழத்துக்குப் பாறைபோல் இறுகியது. அந்த வெப்பத்தில் மரம் எரிந்து சாம்பலாகாமல் கரியாக நின்றுவிட்டதால் கதவு, கட்டில், தொட்டில்கூட இன்றும் இருக்கின்றன. கடற்கரைப் படகுக் கொட்டகைகளில் ஏறத்தாழ 300 பேரின் எலும்புக்கூடுகள் 1980களில் வெளிப்பட்டன. கப்பல் வரும் என்று காத்திருந்தவர்கள் அவர்கள்.

அங்குள்ள ஒரு மாளிகையில் 1750களில் கரியான பாப்பிரஸ் சுருள்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பிரித்தால் பொடியாகிவிடும். இப்போது ஊடுகதிர்ப் படமெடுத்து, கணினியின் துணையோடு, சுருளைத் திறக்காமலே படிக்கிறார்கள். 2023இல் அவ்வாறு முதலில் வெளிப்பட்ட சொல், செந்நீலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 2024 தொடக்கத்தில் மூன்று மாணவர்கள் ஒரு சுருளின் இறுதிப் பகுதியிலிருந்து பல பத்திகளைப் படித்து 7 லட்சம் டாலர் பரிசு பெற்றார்கள். உணவும் இசையும் தரும் இன்பத்தைப் பற்றிய தத்துவ நூல் அது.

பொம்பெயியில் லட்சுமி சிலை கிடைத்தது என்பது உண்மையா? தமிழகத்தோடு தொடர்பு உண்டா?

1938இல் ஒரு வீட்டில் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் உயரமுள்ள இந்தியத் தந்தச் சிற்பம் கிடைத்தது. இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லட்சுமி என்ற பெயர் நிலைத்துவிட்டாலும், அது ஒரு யட்சி உருவமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதில் வடமேற்கு இந்தியாவில் வழங்கிய கரோஷ்டி எழுத்து இருக்கிறது. மகாராட்டிரத்தின் போகர்தனில் கிடைத்த தந்த உருவத்தோடு அதை ஒப்பிடுகிறார்கள். எனவே அதைத் தமிழகச் சிற்பம் என்று சொல்வது பிழை.

தமிழகத் தொடர்பு வேறிடத்தில் இருக்கிறது. கடற்கரையில் இறந்த மூத்த பிளினி, தம் இயற்கை வரலாற்று நூலில் முசிறித் துறைமுகத்தையும், அதிலிருந்து தொலைவில் உள்நாட்டில் இருந்த மதுரையையும், அதை ஆண்ட பாண்டியனையும் குறிப்பிட்டவர். இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை ரோமிலிருந்து உறிஞ்சுகிறது என்று வருந்தினார். கருமிளகு ஒரு ரோமானியப் பவுண்டு நான்கு தினாரியஸ் என்று விலையும் எழுதினார். எதிர்த் திசையில், வெசூவியஸ் பகுதியின் கரிய எரிமலை மணல் கலந்த களிமண்ணால் செய்த மதுச் சாடிகளின் உடைசல்கள் அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன. பொம்பெயியைப் புதைத்த அதே மலையின் மணல் புதுச்சேரிக்கு அருகே மண்ணுக்கடியில் இருந்தது என்பதைச் சொல்லும்போது அரங்கம் ஒவ்வொரு முறையும் அமைதியாகிவிடும்.

இன்னும் மூன்றில் ஒரு பங்கைத் தோண்டாமல் ஏன் விட்டு வைத்திருக்கிறார்கள்?

தோண்டுவது எளிது, தோண்டியதைக் காப்பது கடினம். சாம்பலுக்குள் பதினேழு நூற்றாண்டு நிலைத்த சுவர், மழையிலும் வெயிலிலும் சில பத்தாண்டுகளில் உதிர்ந்துவிடுகிறது. 2010 நவம்பரில் முதன்மைத் தெருவில் இருந்த ஒரு கட்டடம் மழைக்குப் பிறகு முழுவதுமாகச் சரிந்தது. அதன் பிறகே 10.5 கோடி யூரோ செலவில் பெரும் பாதுகாப்புத் திட்டம் வந்தது. அண்மை அகழாய்வுகளில் சில, தோண்டாத பகுதியின் மண் சரிந்து பக்கத்துத் தெருக்களில் விழாமல் தடுக்கவே மேற்கொள்ளப்பட்டன.

இன்னொரு காரணமும் உண்டு. ஃபியோரெல்லிக்கு முன் தோண்டியவர்கள் வெற்றிடங்களைப் பொருட்படுத்தாமல் உடைத்தார்கள். அவ்வாறு இழந்த உருவங்கள் எத்தனையோ. நாளை வரும் முறைகளுக்கு இன்றே இடம் விட்டுவைப்பது சரியான முடிவு என்பதே என் கருத்து.

வெசூவியஸ் மறுபடி வெடிக்குமா?

வெடிக்கும் என்றே கொள்ள வேண்டும். எப்போது என்பதைத்தான் சொல்ல இயலாது. கடைசியாக 1944 மார்ச்சில் வெடித்தது. 1841இல் நிறுவப்பட்ட ஆய்வுக்கூடம் இன்றும் அதைக் கண்காணிக்கிறது. மலையைச் சுற்றிய ஆபத்து வளையத்தில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் வாழ்கிறார்கள். அவர்களை 72 மணி நேரத்தில் வெளியேற்றுவதற்குத் திட்டம் உள்ளது.

போய்ப் பார்ப்பதென்றால் எதை விடாமல் பார்க்க வேண்டும்?

ஒரு நாளைக்கு 20,000 பேர் என்ற வரம்பு 2024 நவம்பரில் வந்துவிட்டது. பெயர் குறித்த சீட்டை முன்பதிவு செய்யுங்கள். நல்ல செருப்பு வேண்டும், ஏனெனில் தெருக்கள் கரும்பாறைப் பாளங்கள். வண்டிச் சக்கரம் அறுத்த தடம் அவற்றில் ஆழமாக இருக்கிறது. பெரிய மாளிகைகளை எல்லாரும் காட்டுவார்கள். நீங்கள் தெருமுனைக் குடிநீர்த் தொட்டி ஒன்றின் அருகே நில்லுங்கள். நீர் குடிக்கக் குனிந்தவர்கள் ஒரு கையை ஊன்றிய இடத்தில் கல் வழவழப்பாகத் தேய்ந்து குழிந்திருக்கும். அந்தக் குழியில் உள்ளங்கை பொருந்தும்.

தாயும் குழந்தையும் என்று காட்டிய வார்ப்பு உண்மையில் தாயே இல்லையாமே? அப்படியானால் மற்றவற்றை எப்படி நம்புவது?

பொற்கடக வீடு எனப்படும் இடத்தில் கனத்த பொற்கடகம் அணிந்த ஒருவரும் அவரை ஒட்டி ஒரு குழந்தையும் கிடைத்தார்கள்; தாயும் பிள்ளையும் என்று தலைமுறைகளாகச் சொல்லப்பட்டது. 2024 நவம்பரில் வெளியான மரபணு ஆய்வு, கடகம் அணிந்தவர் ஆண் என்றும், அந்தக் குழந்தைக்கும் அவருக்கும் இரத்த உறவு இல்லை என்றும் காட்டியது. அணைத்தபடி இறந்த அக்கா தங்கை என்று பேர்பெற்ற இன்னொரு இணையிலும் ஒருவர் ஆண். நானும் பல மேடைகளில் அந்தத் தாயின் கதையைச் சொல்லியிருக்கிறேன், இப்போது சொல்வதில்லை. நகை என்றால் பெண், அணைப்பு என்றால் தாய் என்று நாம் கொண்டுவந்து வைத்த எண்ணம் அது. அந்தக் குழந்தையைக் கடைசி நேரத்தில் அருகில் வைத்துக்கொண்டவர் உறவினர் அல்லர் என்பது, பழைய கதையைவிட எனக்குக் கூடுதலாகவே மனத்தைத் தொடுகிறது.

இறந்தவர்களை இப்படிக் காட்சிக்கு வைப்பது முறையா?

எனக்கு இதில் நெடுநாள் தயக்கம் இருந்தது. வார்ப்புக்குள் எலும்பு இருப்பதை முன்பே சொன்னேன். ஆகவே நாம் பார்ப்பது ஒருவரின் உடலை. பார்க்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அருகில் நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொள்பவர்களைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். மாணவர்களிடம் படத்தைக் காட்டுமுன், இவர் ஒரு மனிதர், பெயர் நமக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த படத்துக்குப் போகிறேன்.

நகரின் தென்கிழக்கு ஓரத்தில் தப்பியோடியோர் தோட்டம் என்ற இடம் இருக்கிறது. மதில் வாயிலுக்குச் செல்லும் வழியில், ஒரு திராட்சைத் தோட்டத்தில், பெரியவர்களும் குழந்தைகளுமாக 13 பேர் கண்டெடுக்கப்பட்டார்கள். கண்டெடுத்த இடத்திலேயே அவர்களை வைத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் தரையில் சாய்ந்துகிடக்க, ஒருவர் மட்டும் கையை ஊன்றி உடம்பை நிமிர்த்த முயன்ற நிலையில் இருக்கிறார்.